வாரம் ஒரு நாள்தான் வேலையா? பேரண்டல் லீவ் பே உங்களுக்கும் கிடைக்கலாம்

"எனக்கு அதெல்லாம் கிடைக்காது அக்கா, நான் வெறும் கேஷுவல்தானே."

சிட்னியின் மேற்குப் பகுதியில் வரிக் கணக்கு பார்க்கும் எனக்கு இது பழகிப்போன பேச்சு. கேஷுவல் என்றால் நிரந்தரம் இல்லாமல், கூப்பிடும்போது போய்ச் செய்யும் வேலை. போன வருடம் இதைச் சொன்ன பெண்ணுக்கு அப்போது ஏழு மாதம். சனிக்கிழமை முதியோர் இல்லத்தில் ஆறு மணி நேரம், வியாழன் மாலை ஒரு கடையில் மூன்று மணி நேரம் வேலை. முழுநேரம் வேலை செய்பவர்களுக்குத்தான் அரசு பணம் தரும் என்று யாரோ சொல்ல, அவர் அதோடு விட்டுவிட்டார்.

பேரண்டல் லீவ் பே என்பது குழந்தை பிறந்ததும் வேலையிலிருந்து விலகியிருக்கும் பெற்றோருக்கு அரசு தரும் பணம். ஆஸ்திரேலியாவில் 2011 முதல் நடப்பில் இருக்கும் இந்தத் திட்டம் நீங்கள் பார்ட் டைமா, கேஷுவலா, சொந்தத் தொழிலா என்று பிரித்துப் பார்ப்பதில்லை. குழந்தை பிறப்பதற்கு முந்தைய 13 மாதங்களில் ஏதாவது ஒரு தொடர்ச்சியான 10 மாத காலத்தை எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பத்து மாதத்தில் மொத்தம் 330 மணி நேரம் வேலை செய்திருக்க வேண்டும். சராசரியாக வாரத்துக்கு ஒரு முழு நாள் வேலை, அவ்வளவுதான். இரண்டு இடத்தில் வேலை என்றால் இரண்டையும் கூட்டலாம். அந்தப் பெண்ணுக்குக் கூட்டிப் பார்த்தேன்: வாரம் 9 மணி நேரம், 42 வாரம், 378 மணி நேரம். சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் வேலையாகவே கணக்கில் வரும்.

மணிக்கணக்கில் தவறுகிறவர்கள் குறைவு. நம்மவர்கள் மாட்டிக்கொள்வது இடைவெளியில். அந்தப் பத்து மாதத்துக்குள், ஒரு வேலை நாளுக்கும் அடுத்த வேலை நாளுக்கும் நடுவே 12 வாரத்துக்கு மேல் போகக் கூடாது. தம்பி கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன் என்று ஊருக்குப் போகிறோம். அவ்வளவு செலவு செய்து போகிறோமே என்று மூன்று மாதத்துக்கு மேல் தங்கிவிடுகிறோம். கேஷுவலுக்குச் சம்பள விடுப்பு கிடையாது, அதனால் அந்த நாட்கள் அப்படியே இடைவெளியாகிவிடும். என்னிடம் வந்த இன்னொருவர் 500 மணி நேரத்துக்கு மேல் உழைத்தவர். ஆனால் 13 மாதத்தின் நட்டநடுவில் 14 வாரம் ஊரில் இருந்துவிட்டார். இரண்டே வாரம்தான் அதிகம். அதைச் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அதே பயணம் 13 மாதத்தின் தொடக்கத்தில் வந்திருந்தால் தப்பியிருக்கலாம். திரும்பி வந்த பிறகு பத்து மாதம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்வார்கள். கடைசியிலும் இதே கணக்குதான். பத்து மாதம் முன்பே நிறைந்துவிட்டால், பிரசவத்துக்குச் சுமார் மூன்று மாதம் முன்னால் வேலையை நிறுத்தினாலும் தகுதி போகாது. கர்ப்பகாலச் சிக்கலாலோ, குறைப்பிரசவத்தாலோ, கர்ப்பிணி செய்யக் கூடாத ஆபத்தான வேலை என்பதாலோ கணக்கு நிறையாமல் போனால் விதிவிலக்கு உண்டு. அதற்கு மருத்துவரின் கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, பணம் எவ்வளவு? வாரம் 250 டாலர் சம்பாதித்தவருக்கும் முழுத் தொகைதான். தேசியக் குறைந்தபட்ச ஊதியத்தை வைத்து, 2025 ஜூலை முதல் வாரத்துக்கு 948.10 டாலர், வரிக்கு முன். 2025 ஜூலை 1 முதல் பிறந்த குழந்தைக்கு 24 வாரம். 2026 ஜூலை 1 முதல் 26 வாரம். வாரம் ஐந்து நாள் கணக்கில் 24 வாரம் என்பது 120 நாள். தம்பதியாக இருந்தால் அதில் 15 நாள் மற்றவருக்கென்று ஒதுக்கியது, அவர் எடுக்காவிட்டால் வீணாகிவிடும். அப்பாக்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2025 ஜூலை முதலான பிறப்புகளுக்கு இந்தப் பணத்தின் மேல் சூப்பரும் (ஓய்வுகாலச் சேமிப்பு) சேர்கிறது. வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே சூப்பர் வளராமலே போகும் பெண்களுக்கு இது பெரிய விஷயம்.

"வீட்டுக்காரருக்கு ஐடி-யில் நல்ல சம்பளம், அதனால் தரமாட்டார்கள்" என்பதும் தவறு. உங்கள் சொந்த வருமானம் தனிநபர் வரம்புக்குள் இருந்தால் போதும். அந்த வரம்பு இப்போது ஆண்டுக்கு 1,80,000 டாலர் அளவில் இருக்கிறது.

முதலாளி தரும் சம்பளமில்லா விடுப்பையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த விடுப்புக்கு அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும். அது வேறு சட்டம். அங்கே 'இல்லை' என்றதைக் கேட்டுவிட்டு இங்கே விண்ணப்பிக்காமல் இருப்பவர்கள் நிறைய. முதலாளி வழியாகப் பணம் வராவிட்டால், அரசு உதவித்தொகைகளைக் கொடுக்கும் சென்டர்லிங்க் நேராக உங்கள் வங்கிக் கணக்கில் போடும்.

விசாதான் உண்மையிலேயே தடுக்கும் இடம். மாணவர் விசா, வேலை விசா, பிரிட்ஜிங் விசாவில் (அடுத்த விசா முடிவுக்குக் காத்திருக்கும்போது தரும் தற்காலிக விசா) இருப்பவர்களுக்கு இது கிடையாது. புதிதாக பி.ஆர். (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் 104 வாரக் காத்திருப்பு உண்டு. அகதியாக வந்தவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை.

பிரசவ தேதிக்கு மூன்று மாதம் முன்பே மைகவ் என்ற அரசு இணையதளம் வழியாக விண்ணப்பிக்கலாம். குழந்தைக்கு இரண்டு வயது ஆவதற்குள் இந்த நாட்களை எடுத்து முடித்திருக்க வேண்டும். ரோஸ்டர் (வேலை நேர அட்டவணை), பே ஸ்லிப், வங்கி அறிக்கை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். கையில் காசாக வாங்கி எங்கேயும் பதிவாகாத வேலையை நிரூபிக்க வழி தேடித் தவிப்பவர்களையும் பார்த்திருக்கிறேன்.

அந்த சனிக்கிழமைப் பெண் அன்றைக்கே என் மேசையில் உட்கார்ந்து விண்ணப்பத்தைத் தொடங்கினார். கடையில் கொடுத்த பே ஸ்லிப்புகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒன்றுகூடக் குறையவில்லை.