மடக்குக் கத்தி வாங்கும்போது முதலில் பூட்டைப் பாருங்கள்

ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குவோரும், சாரல் காலத்தில் குற்றாலம் வருவோரும், கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பும் கல்லூரி இளைஞர்களும் இப்போது ஆளுக்கொரு மடக்குக் கத்தி வைத்திருக்கிறார்கள். வைத்திருப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் எடை, நிறம், விலை என்று எல்லாவற்றையும் விசாரிப்பவர்கள், விரித்த அலகு கை மேல் மடங்கிவிடாமல் நிறுத்தும் பூட்டு அதில் இருக்கிறதா என்று மட்டும் கேட்பதில்லை. அதன் விளைவைக் கை அறுவை சிகிச்சை செய்கிறவன் என்ற முறையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

அண்மையில் வந்த இளைஞர் ஒருவர், இறுகிப்போன கூடாரக் கயிற்றின் முடிச்சைக் கத்தி முனையால் குத்தி நெம்பியிருக்கிறார். அலகு மடங்கி ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் இறங்கிவிட்டது. முதலில் காட்டிய இடத்தில் தோலுக்கு மட்டும் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து என்னிடம் வந்து, "காயம் ஆறிட்டு டாக்டர், விரல்தான் மடங்க மாட்டேங்கு" என்றார். விரலை மடக்கி இழுக்கும் தசைநாண் அறுந்து, அதற்குள் உள்ளங்கைப் பக்கமாகச் சுருங்கிப் போயிருந்தது. முதல் சில நாள்களிலேயே வந்திருந்தால் நேராக இணைத்துத் தைக்கும் வாய்ப்பு அதிகம். நாள் தள்ளிப்போனால் வேறிடத்திலிருந்து நாண் எடுத்து வைக்க வேண்டிய நிலைகூட வரும். விரல் காயத்துக்குத் தையல் போடும் முன், நடு மூட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு நுனி மூட்டை மட்டும் மடக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்று பயிற்சி மருத்துவர்களிடம் நான் சலிக்காமல் சொல்வது இதற்காகத்தான்.

பூட்டு இருந்ததா என்று கேட்டால், "நல்லா டைட்டாத்தான் இருந்துச்சு" என்பதே பெரும்பாலும் பதில். இறுக்கம் வேறு, பூட்டு வேறு என்பதை எத்தனை முறை சொன்னாலும் யார் மனதிலும் பதிவதில்லை. மழைக்காலத்தில் ஊதிப்போன கதவு அசையாமல் நிற்கிறது என்பதற்காகத் தாழ்ப்பாள் போட்டதாக ஆகிவிடுமா? பூட்டில்லாத கத்தியில் விரிந்த அலகைப் பிடித்திருப்பது பிடியின் முதுகுப்பக்கத்திலுள்ள வில்தகட்டின் அழுத்தம் ஒன்றுதான். மடக்கும்போது நீங்கள் கையால் கொடுக்கும் விசையைவிட, மரத்திலோ முடிச்சிலோ முனை சிக்கிக்கொண்ட நிலையில் உங்கள் மணிக்கட்டு கொடுக்கும் விசை அதிகம் என்பதால், எவ்வளவு இறுக்கமான வில்தகடும் அந்த நேரத்தில் விட்டுக்கொடுக்கத்தான் செய்யும். திருகை முடுக்கி அலகை இறுக்கமாக்கி விற்கும் மலிவான கத்திகளில், சில நாள் விரித்து மடக்கியதுமே அந்த இறுக்கமும் போய்விடுகிறது.

பூட்டு இருக்கிறதா என்பதைக் கடையில் நின்றே அறிந்துகொள்ளலாம். அலகை விரித்து, மடங்கும் வழியில் விரல் இல்லாதபடி பிடியைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு, அலகின் முதுகை மெல்ல அழுத்துங்கள். ஒரு தகட்டைத் தள்ளாமல், ஒரு பொத்தானை அமுக்காமல், ஒரு வளையத்தைத் திருப்பாமல் அது மடங்குமானால் அதில் பூட்டு இல்லை. கடைக்காரர் என்ன சொன்னாலும் இல்லை. பெயர் பெற்ற கம்பெனியாயிற்றே என்றும் இருந்துவிட வேண்டாம். சுவிட்சர்லாந்தின் விக்டோரினாக்ஸ் கம்பெனி பரவலாக விற்கும், மடித்தால் 91 மில்லிமீட்டர் நீளமுள்ள கத்திகளில் அலகுக்குப் பூட்டு கிடையாது; பழம் நறுக்கவும் பொட்டலம் பிரிக்கவும் அவை அருமையானவை, குத்தி நெம்புவதற்கு ஆனவை அல்ல. அதே கம்பெனியின் 111 மில்லிமீட்டர் வகையில் பூட்டு உண்டு.

பூட்டு வைத்தால் கனம் கூடிவிடும் என்பதும் சரியன்று. பிரான்ஸின் ஒபினெல் கத்தியில் 1955 முதல் கழுத்தில் ஒரு வளையப் பூட்டு இருக்கிறது. அதன் எட்டாம் எண் கத்தி எட்டரை சென்டிமீட்டர் அலகோடும் சுமார் 45 கிராம் எடைதான். ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். அதன் பிடி மரம் என்பதால் சாரலில் நனைந்தால் ஊதி, அலகு வெளியே வர மறுக்கும், அப்போது நகத்தை வைத்து இழுத்துக் காயப்படுகிறார்கள். நனையும் இடத்துக்குப் பிளாஸ்டிக் அல்லது உலோகப் பிடியும், துருப்பிடிக்காத எஃகு அலகும் போதும். பிடியின் உட்பக்கத் தகடே நகர்ந்து வந்து அலகைத் தாங்கும் லைனர் லாக் வகையில், அந்தப் பூட்டுத் தகடு அலகின் அடிப்பாகத்தில் முழுதாகப் போய் உட்கார்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கண்ணால் பாருங்கள். ஆற்று மணலும் மாம்பழச் சாறும் உள்ளே காய்ந்துவிட்டால் அது பாதி தூரத்திலேயே நின்றுவிடும். கழுவி, உலர்த்தி, அச்சில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். அலகு ஏழு முதல் ஒன்பது சென்டிமீட்டர் வரை இருந்தால் போதுமானது. கத்தியின் கூர்மை மழுங்க விடாதீர்கள். மழுங்கிய கத்தியை அழுத்த வேண்டியிருக்கும், அழுத்தும்போதுதான் வழுக்கும்.

இளநீர், நுங்கு, விறகு ஆகியவற்றை மடக்குக் கத்தியால் வெட்டவே கூடாது. அதற்கு அரிவாளும், அதைப் பிடித்துப் பழகிய கையும் வேண்டும். டப்பா மூடியைக் கத்தி முனையால் நெம்புவதையும் விட்டுவிடுங்கள்.

காட்டுக்குள் போகிறவர்கள் இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ஆயுதம் என்பதில் கத்தியையும் சேர்த்திருக்கிறது. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய எழுத்துப்பூர்வமான முன் அனுமதி வேண்டும் என்கிறது. களக்காடு, முண்டந்துறைப் பகுதிக்குள் போகுமுன் வனத்துறையிடம் கேளுங்கள். வேண்டாம் என்றால் கத்தியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

இத்தனைக்குப் பிறகும் விரல் வெட்டுப்பட்டால், காபித்தூள், மஞ்சள், சுண்ணாம்பு எதையும் தயவுசெய்து அப்பாதீர்கள். அவற்றைச் சுரண்டி எடுத்த பிறகுதான் நாங்கள் காயத்தையே பார்க்க முடிகிறது. சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வையுங்கள். மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். இரத்தம் நின்றதும், விரலின் ஒவ்வொரு மூட்டும் மடங்குகிறதா, நுனியின் இரண்டு பக்கமும் தொட்டால் உணர்வு தெரிகிறதா என்று பாருங்கள். ஒன்றில் குறை இருந்தாலும், காயம் எவ்வளவு சிறியதாகத் தெரிந்தாலும், கோயில் நாள்கள் முடியட்டும் என்று காத்திராமல் அன்றைக்கே கை அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள். மூட்டுகள் மடங்கினாலும் வெட்டு ஆழமாக இருந்தால் காட்டத்தான் வேண்டும். பாதி அறுந்த நாண் அன்றைக்கு வேலை செய்யும், சில நாள் கழித்து ஒரு வாளியைத் தூக்கும்போது முழுவதும் அறுந்துவிடும்.