மூலநிரல் கையில் இல்லாமல் ஓர் இயங்குதளம்

1990-களின் கடைசியில் பிஓஎஸ் என்ற இயங்குதளத்துக்காக எழுதப்பட்ட ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். அந்த இயங்குதளத்தை உருவாக்கிய நிறுவனம் 2001-லேயே கடையைக் கட்டிவிட்டது. ஆனால் அந்தப் பழைய கோப்பை, ஒரு பைட்டைக்கூட மாற்றாமல், ஹைக்கூ என்ற இன்றைய இயங்குதளத்தின் 32-பிட் பதிப்பில் போட்டு இருமுறை சொடுக்கினால் பெரும்பாலும் திறந்துவிடும். இத்தனைக்கும் ஹைக்கூவை எழுதியவர்கள் பிஓஎஸ்ஸின் மையப் பகுதியான கெர்னலின் மூலநிரலை, அதாவது நிரலாளர்கள் எழுதிய அசல் வரிகளை, பயன்படுத்தவே இல்லை. எப்படி முடிந்தது?

முதலில் சுருக்கமாகப் பழங்கதை. ஆப்பிளிலிருந்து வெளியேறிய ஜான்-லூயி காஸே 1990-ல், பின்னர் பிஓஎஸ்ஸை உருவாக்கிய, பி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். 1995-ல் அவர்கள் விற்ற பிபாக்ஸ் கணினியில் இரண்டு புராசஸர்கள் இருந்தன; அவை எவ்வளவு உழைக்கின்றன என்பதைப் பெட்டியின் முகப்பில் இரண்டு விளக்கு வரிசைகள் ஏறி இறங்கிக் காட்டும். 1996-ல் ஆப்பிள் புது இயங்குதளம் தேடியபோது பி-யோடு பேரம் நடந்தது, படியவில்லை. ஆப்பிள் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கியது, கூடவே ஸ்டீவ் ஜாப்ஸும் திரும்பி வந்தார். 2001-ல் பி-யின் சொத்துகளை 1.1 கோடி டாலருக்கு பாம் நிறுவனம் எடுத்துக்கொண்டது. மூலநிரல் அதோடு பூட்டப்பட்டது.

பயனர்கள் மட்டும் விடுவதாக இல்லை. அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. வழக்கமான ஒரு மென்பொருளில் எல்லாச் சாளரங்களையும் ஒரே இழைதான் (த்ரெட், அதாவது ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் ஒரு வேலைத்தொடர்) கவனிக்கும். அந்த இழை பெரிய கணக்கொன்றில் மாட்டிக்கொண்டால் பொத்தானை அழுத்தினாலும் பதில் வராது. பிஓஎஸ்ஸில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனி இழை. ஒரு சாளரம் திணறினாலும் பக்கத்துச் சாளரம் தன் பாட்டுக்கு ஓடும். சாளரங்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பித்தான் பேசிக்கொள்ளும். ஒன்றின் உறுப்பை இன்னொன்று தொட வேண்டுமென்றால் முதலில் அதைப் பூட்டிக்கொள்ள வேண்டும். பயனருக்குச் சொகுசு, நிரலாளருக்குத் தலைவலி. இரண்டு இழைகள் ஒன்றின் பூட்டுக்காக மற்றொன்று காத்துக்கொண்டு அப்படியே உறைந்துபோவது இந்த அமைப்பில் சர்வசாதாரணம். வேறு இயங்குதளத்தில் ஒற்றை இழையை நம்பி எழுதிய மென்பொருளை இங்கே கொண்டுவருவது சிரமமாக இருப்பதற்கும் இது ஒரு காரணம்.

கோப்பு முறைமை அதைவிட அழகானது என்பேன். டொமினிக் ஜியாம்பாவ்லோ முக்கியப் பங்காற்றி உருவாக்கிய பிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு கோப்புடனும் விருப்பம்போலப் பண்புகளை ஒட்டிவைக்கலாம். ஒரு மின்னஞ்சல் என்பது ஒரு கோப்பு. அனுப்பியவர், பொருள், தேதி எல்லாம் அதன் பண்புகள். முகவரிப் புத்தகத்தில் ஒரு நபர் என்பது உள்ளே எதுவுமே இல்லாத கோப்பு. பெயரும் தொலைபேசி எண்ணும் பண்புகளாக வெளியே ஒட்டியிருக்கும். தேவையான பண்புகளுக்குக் கோப்பு முறைமையே அட்டவணை வைத்திருப்பதால் தேடல் நொடியில் முடியும். அந்தத் தேடல் உயிரோடும் இருக்கும்: பொருந்தும் புதிய கோப்பு வந்தால் முடிவுப் பட்டியலில் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஜியாம்பாவ்லோ பின்னாளில் ஆப்பிளுக்குப் போய் ஸ்பாட்லைட் தேடலில் வேலை செய்தார். ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

2001 ஆகஸ்டில் ஓப்பன்பிஓஎஸ் என்ற பெயரில் தன்னார்வலர்கள் மறுஎழுத்தைத் தொடங்கினார்கள். லினக்ஸ் கெர்னல் மேல் பிஓஎஸ் தோற்றத்தைப் போர்த்தும் முயற்சிகளும் அப்போது நடந்தன, அவை நிலைக்கவில்லை. இவர்கள் கடினமான வழியைப் பிடித்தார்கள்: எல்லாவற்றையும் புதிதாக எழுதுவது, ஆனால் பிஓஎஸ்ஸின் ஐந்தாம் வெளியீடு எப்படி நடந்துகொண்டதோ அப்படியே நடந்துகொள்ள வைப்பது. இது வெறும் பழமைப் பற்று என்று எனக்குத் தோன்றவில்லை. சம்பளம் இல்லாத குழுவில் எதைச் செய்வது என்ற வாதமே ஆண்டுக்கணக்கில் ஓடும். இங்கே வாதம் வந்தால் பழைய வெளியீட்டில் அது எப்படி வேலை செய்தது என்று பார்த்தால் போதும், முடிந்தது.

இன்னொரு வசதியும் கிடைத்தது. பிஓஎஸ் ஒரே கட்டியாக இல்லை. உள்ளீட்டுக்கு ஒரு சர்வர் (பின்னணியில் ஓடும் தனி நிரல்), ஒலி, காணொளிக்கு ஒன்று, அச்சிட ஒன்று என்று பிரிந்திருந்தது. அதனால் ஒரு பகுதியை எழுதி, அசல் பிஓஎஸ்ஸிலேயே செருகிச் சோதிக்க முடிந்தது. குடியிருந்துகொண்டே வீட்டின் தூண்களை ஒவ்வொன்றாக மாற்றுவது போல. கெர்னலுக்கு மட்டும் வேறு அடித்தளம் தேடினார்கள். முன்பு பி-யில் பொறியாளராக இருந்த டிராவிஸ் கைசல்பிரெக்ட் தனியாக எழுதி வந்த நியூஓஎஸ் கெர்னலை நகலெடுத்து, தங்கள் வழியில் தனியாக வளர்த்தார்கள். கோப்பு உலாவியான டிராக்கரின் மூலநிரலை பி நிறுவனமே முன்பு எல்லோருக்கும் திறந்துவிட்டிருந்தது. அது நேராக வந்து சேர்ந்தது.

சரி, பழைய மென்பொருள் எப்படித் திறக்கிறது? உண்மையான வித்தை இங்கேதான். பிஓஎஸ்ஸின் நிரலகங்கள் (எல்லா மென்பொருள்களும் பகிர்ந்து பயன்படுத்தும் நிரல் தொகுப்புகள்) சி++ மொழியில் ஆனவை. ஒரு சி++ நிரலைக் கம்பைல் செய்த பிறகு, அதாவது கணினி ஓட்டும் வடிவுக்கு மாற்றிய பிறகு, மெய்நிகர் சார்புகள் என்ற வகைச் செயல்பாடுகளைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘சாளரத்தின் பட்டியலில் 7-ஆவதைக் கூப்பிடு’ என்பதுபோல எண்தான் உள்ளே பதிந்திருக்கும். புதிய சார்பு ஒன்றை யாராவது நடுவில் நுழைத்துவிட்டால் 7-ஆம் இடத்தில் வேறெதோ உட்கார்ந்திருக்கும், பழைய நிரல் கவிழும். நிரல் நினைவகத்தில் உருவாக்கும் பொருளின் (ஆப்ஜெக்ட்) அளவும் அப்படித்தான். நான்கு பைட் கூடினாலும் அடுத்திருக்கும் தரவின் இடங்கள் தள்ளிப்போகும். பி-யின் பொறியாளர்கள் இதை முன்கூட்டியே யோசித்து, பல வகுப்புகளில் (அந்தப் பொருள்களின் வார்ப்புகளில்) சில காலி இருக்கைகளை விட்டுவைத்திருந்தார்கள். ஹைக்கூ புது வசதிகளை அந்த இருக்கைகளில்தான் உட்காரவைக்கிறது.

அதோடு முடியவில்லை. இன்டெல் கணினிகளுக்கான பிஓஎஸ் மென்பொருள்கள் ஜிசிசி என்ற கம்பைலரின் 2.95 காலப் பதிப்பில் உருவானவை. அதற்கடுத்த ஜிசிசி 3, சி++ பொருள்களை நினைவகத்தில் அடுக்கும் முறையையே மாற்றிவிட்டது. பழையதில் கம்பைல் ஆனதும் புதியதில் கம்பைல் ஆனதும் ஒன்றோடொன்று பேசாது. ஆகவே ஹைக்கூவின் 32-பிட் பதிப்பு நிரலகங்களை இரண்டு தொகுதிகளாக வைத்திருக்கிறது. ஒன்று பழைய கம்பைலரில் கட்டியது, மற்றது புதியதில். மென்பொருள் திறக்கும்போது அது எந்த வகை என்று பார்த்து, உரிய தொகுதி இணைக்கப்படுகிறது.

வன்பொருளை இயக்கும் நிரல்களான டிரைவர்களில் இவ்வளவு பிடிவாதம் காட்டவில்லை, காட்டவும் முடியாது. நெட்வொர்க், வைஃபை டிரைவர்கள் பலவற்றை ஃப்ரீபிஎஸ்டி என்ற இன்னொரு திறந்த இயங்குதளத்திலிருந்து அப்படியே எடுத்து, நடுவில் ஒரு மொழிபெயர்ப்பு அடுக்கை வைத்து ஓட்டுகிறார்கள். மென்பொருளைக் கட்டித் தரும் பொட்டலங்கள் (பேக்கேஜ்) மட்டும் சொந்த யோசனை. ஒரு மென்பொருளை நிறுவும்போது அதன் பொட்டலம் பிரிக்கப்படுவதே இல்லை. உள்ளே இருக்கும் கோப்புகள் ஒரு சிறப்புக் கோப்பு முறைமை வழியாகக் கோப்புறைகளில் தெரியும், அவ்வளவுதான். பொட்டலத்தை எடுத்துவிட்டால் மென்பொருளும் போய்விடும். புதுப்பித்த பிறகு ஏதாவது கெட்டுப்போனால், பூட் செய்யும்போது முந்தைய நிலையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஓப்பன்பிஓஎஸ் என்ற பெயர் 2004-ல் ஹைக்கூ என்று மாறியது. பிஓஎஸ்ஸுடன் வந்த இணைய உலாவி, பக்கம் கிடைக்காவிட்டால் மூன்றடிக் கவிதையில் வருத்தம் தெரிவிக்கும். ஹைக்கூ என்ற பெயர் அதை நினைவூட்டுகிறது. சோதனை வெளியீடுகளில் முதல் ஆல்ஃபா 2009-ல் வந்தது, முதல் பீட்டா 2018-ல், ஐந்தாவது பீட்டா 2024 செப்டம்பரில். இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிஓஎஸ்ஸுக்கு 64-பிட் பதிப்பே கிடையாது. அதனால் ஹைக்கூவின் 64-பிட் பதிப்பில் இரட்டைத் தொகுதியும் இல்லை, பழைய கம்பைலரும் இல்லை. அதை நிறுவியவர்களுக்கு அந்த 1990-களின் மென்பொருள் திறக்காது.