பழைய தோட்டம் பட்டுப்போகிறதா? உரக்கடைக்குப் போகும் முன் சில கேள்விகள்

சென்னையில் தோட்ட ஆலோசனைக்கு என்னை அழைப்பவர்களில் பலர் செடி வளர்ப்புக்குப் புதியவர்கள் இல்லை. பத்துப் பதினைந்து வருஷமாக மண்ணில் கை வைத்துப் பழகியவர்கள். "போன வருஷம் வரைக்கும் நல்லாத்தான் சார் இருந்தது. இப்ப எதுவுமே எழும்ப மாட்டேங்குது. என்ன உரம் போடலாம்?" என்றுதான் பேச்சு தொடங்கும். போய்ப் பார்த்தால் மாடிப்படிக்கு அடியில் டிஏபி, பஞ்சகவ்யம், கடற்பாசி உரம், பெயர் படிக்க முடியாத ஏதோ ஒரு பூஸ்டர் என்று வரிசையாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரு சுற்று ஊற்றிப் பார்த்திருப்பார்கள்.

உரக்குறையால் நலியும் தோட்டம் மெதுவாகத்தான் நலியும். பூ சிறுக்கும், இலை வெளுக்கும், காய் குறையும். நன்றாக இருந்த தோட்டம் ஓரிரு வருஷத்தில் சரிந்தால், ஏதோ ஒன்று மாறியிருக்கிறது என்று பொருள். அந்த மாற்றம் பெரும்பாலும் செடியில் இருக்காது. அதனால் இலையைப் பார்ப்பதற்கு முன் வீட்டுக்காரரிடம் வேறு விதமான கேள்விகள் கேட்பேன். போர் ஆழப்படுத்தினீர்களா? தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் வைத்தீர்களா? பக்கத்து மனையில் வீடு எழும்பியதா? ரிப்பேர் வேலை ஏதாவது நடந்ததா? தண்ணீர் விடும் ஆள் மாறினாரா? "இதுக்கும் செடிக்கும் என்ன சம்பந்தம்?" என்று சிலர் சிரிப்பார்கள். பாதி விடை இந்தக் கேள்விகளிலேயே கிடைத்துவிடும்.

இவற்றில் அடிக்கடி மாட்டுவது தண்ணீர்தான். திருவான்மியூர், கொட்டிவாக்கம், நீலாங்கரை, இஞ்சம்பாக்கம் என்று கடலோரமாகப் போகும் மணல் பகுதியில் மேலே இருக்கும் நல்ல தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, கடல் பக்கத்து உப்புநீர் உள்ளே நகரும். வேளச்சேரி, ஆதம்பாக்கம், கிண்டி பக்கம் பாறை. அங்கே ஆழப்படுத்திய போரில் வருவது முன்பு வந்த தண்ணீராகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. குளிக்கும்போது நமக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. செடிக்குத் தெரியும். வேர் இழுப்பது தண்ணீரை. மண்ணில் தங்குவது உப்பு. தினமும் ஒரு குவளை ஊற்றினாலும் அந்த உப்பு வேரடியில் சேர்ந்துகொண்டே போகும். மண்ணில் ஈரம் இருந்தும் செடி வாடி நிற்பது இதனால்தான்.

அடையாளம் எளிது. முற்றிய இலைகளின் நுனியும் ஓரமும் தீய்ந்த மாதிரி பழுப்பாகும். தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெள்ளைப் பூப்பு படியும். இதைவிட நல்ல சாட்சி நம் ஊர் மழை. சென்னைக்கு வருஷத்தில் சுமார் 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அந்த மழை உப்பை அடித்துக் கீழே இறக்கிவிடும். நவம்பரில் தளதளவென்று துளிர்த்த தோட்டம் பிப்ரவரி, மார்ச்சில் மறுபடி கருக ஆரம்பித்தால் வெயிலை மட்டும் திட்ட வேண்டாம். மழை நின்றதும் நீங்கள் ஊற்றத் தொடங்கிய தண்ணீர் மேல்தான் எனக்கு முதல் சந்தேகம்.

சில நூறு ரூபாய்க்கு ஒரு டிடிஎஸ் மீட்டர், அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் கருவி, வாங்கிக்கொள்ளுங்கள். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் பாசன நீர் அளவுகோல்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் உப்பு இருந்தால் கவலை இல்லை. 450க்கும் 2,000க்கும் இடையில் பார்த்து ஊற்ற வேண்டும். 2,000ஐத் தாண்டினால் பெரும்பாலான செடிகள் திணறும். ரோஜா, எலுமிச்சை, மா ஆகியவை இதில் கொஞ்சம் கூச்ச சுபாவம். சீக்கிரம் முகம் சுளிக்கும். தென்னை, சப்போட்டா, அரளி, காகிதப்பூ, பூவரசு, புன்னை எல்லாம் நன்றாகவே தாங்கும். கடலோர வீட்டில் எலுமிச்சையோடு மல்லுக்கட்டுவதைவிடச் சப்போட்டாவுக்கு மாறுவது மேல் என்பது என் கட்சி.

இதில் இரண்டு பழக்கங்களைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். ஒன்று, ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுநீர். "வீணாப் போகுதேன்னு செடிக்கு விடறேன்" என்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் உள்ளே போகும் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு குடிநீராகப் பிரிந்தால், அந்த உப்பெல்லாம் மீதி இரண்டு பங்கில் தங்கி, ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அடர்த்தியாகி வெளியே வரும். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளலாம். தொட்டிச் செடிக்கு வேண்டாம். இன்னொன்று சாஃப்ட்னர். அது தண்ணீரில் உள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு அந்த இடத்தில் சோடியத்தை விடுகிறது. அதற்குத்தான் மூட்டை மூட்டையாக உப்பு வாங்கிப் போடுகிறீர்கள். துணிக்கு நல்லது, மண்ணுக்குக் கேடு. களிமண்ணாக இருந்தால் சோடியம் ஏற ஏற மண் இறுகி, மேலே ஊற்றிய தண்ணீர் இறங்காமல் நிற்கும். பிளம்பரிடம் சொல்லி, தோட்டக் குழாய்க்குச் சாஃப்ட்னருக்கு முன்பே ஒரு கிளை எடுத்துவிடுங்கள்.

உப்பு ஏறிய மண்ணுக்கு மருந்தும் தண்ணீர்தான், ஆனால் நல்ல தண்ணீர். தொட்டியாக இருந்தால் அடித்துளை அடைக்காமல் இருக்கிறதா என்று பார்த்து, அடியில் தாராளமாக வழியும் வரை ஊற்றுங்கள். தட்டில் தேங்குவதைக் கொட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் தொட்டிகளை ஷெட்டுக்குள் ஒதுக்கி வைக்காதீர்கள்; வெளியே நனையட்டும். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் 10 மி.மீ. மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் தண்ணீர். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய்கள் பல வீடுகளில் அடைத்துக் கிடக்கின்றன. அதைச் சுத்தம் செய்வதற்கு ஆகும் செலவு, வருஷம் முழுக்க வாங்கும் பூஸ்டர் செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

சரி, தண்ணீர் நன்றாக இருக்கிறது, அப்புறமும் வளரவில்லை. அடுத்த சந்தேகம் வீட்டு ரிப்பேர் மேல். சுவர் இடித்து, டைல்ஸ் மாற்றிய ரப்பிஷை வேலையாட்கள் எங்கே போடுவார்கள்? பாத்தி ஓரத்தில். மேலே கொஞ்சம் செம்மண் பரப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. சிமென்ட்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கும். இரும்புச்சத்து மண்ணில் இருந்தும் வேருக்குக் கிட்டாது. இட்லிப்பூவிலும் கறிவேப்பிலையிலும் புதுத் துளிர் வெளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இதைத்தான் நினைக்க வேண்டும். அடி இலை மஞ்சளாவது வேறு கதை. அங்கே தழைச்சத்துக் குறையோ தண்ணீர் தேக்கமோ இருக்கலாம். சமையலறை வினிகரைக் காய்ந்த மண்ணில் சில சொட்டு விடுங்கள். பொங்கி நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது. உடனடி ஆறுதலுக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்), கொஞ்சம் எலுமிச்சைச் சாறு கலந்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம். அன்னபேதியை அந்த மண்ணில் போட்டால் அதுவும் சிக்கிக்கொள்ளும், காசுக்குக் கேடு. நிரந்தரத் தீர்வு மம்முட்டிதான்: ரப்பிஷைத் தோண்டி வெளியே எடுங்கள்.

மம்முட்டியைக் கையில் எடுத்த பிறகு ஓர் அடிக்குக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். அது இறங்கியதும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். ஓர் அங்குலம்கூட இறங்கவில்லை என்றால் வேர் மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. மேற்கு மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் போன்ற களிமண் பகுதிகளில் இது சகஜம். லாரி ஏறி இறங்கிய இடமாக இருந்தால் கேட்கவே வேண்டாம். கடப்பாரையே இறங்காத இடத்தில் வேர் எப்படி இறங்கும்?

அதே குழியில் வேறொன்றும் தெரியும். பாத்தி முழுக்கப் பக்கத்து மரத்தின் சல்லிவேர் பின்னிக் கிடக்கலாம். நீங்கள் போடும் எருவெல்லாம் அந்த மரத்துக்குத்தான் போகிறது. மரம் செழிப்பாக இருக்கும், செம்பருத்தி குச்சியாக நிற்கும். மரமே சோர்ந்திருந்தால் அடித்தண்டைப் பாருங்கள். வருஷா வருஷம் செம்மண் கொட்டிக் கொட்டி, தண்டும் வேரும் சேரும் இடம் புதைந்திருக்கும். அல்லது தண்டை ஒட்டிப் பேவர் பிளாக் பதித்திருப்பார்கள். புதைந்த பட்டை அழுகும். மண்ணை விலக்கி, தண்டு அடியில் அகன்று வேராகும் இடம் வெளியே தெரியும்படி வையுங்கள்.

வெளிச்சத்தை யாருமே கணக்கில் எடுப்பதில்லை. தெற்குப் பக்க மனையில் நான்கு மாடி எழும்பினால், டிசம்பர், ஜனவரியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும்போது பாத்திக்கு வெயிலே விழாது. மல்லியும் ரோஜாவும் பூப்பதை நிறுத்திவிடும். அங்கே உரம் கூட்டினால் இலைதான் கூடும். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் இதற்கு நேர் எதிரானது நடந்தது. ஒரே நாளில் நிழல் மரங்கள் சாய்ந்த வீடுகளில், நிழலில் சுகமாக வளர்ந்த பெரணி வகைகள் அடுத்த கோடையைத் தாங்கவில்லை.

பூச்சியைக் கடைசியில்தான் பார்ப்பேன். நலிந்த செடியைத் தேடித்தான் மாவுப்பூச்சி முதலில் வரும். தென்னை ஓலையில் கரும்பூசணம் படர்ந்தால் அது சுருள் வெள்ளை ஈயின் வேலை. கண்ட விஷத்தை அடித்தால் அந்த ஈயைத் தின்னும் நல்ல பூச்சிகளும் சாகும். மழைக்காலத்தை ஒட்டி வேப்பமரக் கொழுந்து கருகினால் பயந்து மரத்தை வெட்டாதீர்கள். தேயிலைக் கொசு என்கிற பூச்சியும் பூஞ்சாணமும் சேர்ந்து செய்வது அது. பெரும்பாலான மரங்கள் மறுபடி துளிர்த்துவிடுகின்றன.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால் மண்ணையும் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. தென்சென்னைப் பக்கம் இருப்பவர்கள் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துப் பார்க்கலாம். மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, அரை அடி ஆழம் வரை நான்கைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ கொடுத்தால் போதும். புதிதாக உரம் போட்ட இடத்தில் எடுக்காதீர்கள். தண்ணீருக்கு, மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் கழுவி நிரப்புங்கள். தழை, மணி, சாம்பல் சத்தோடு உப்பின் அளவையும் கார அமில நிலையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லி வாய்விட்டுக் கேளுங்கள். முடிவு கைக்கு வரும் வரை உர பாட்டில் எதையும் திறக்க வேண்டாம்.