வாய் காய்ந்தாலே இனிப்பு நீர்தானா?

கோலாலம்பூரில் நம்ம வீட்டு அம்மாக்கள் யாராவது வாய் காய்கிறது என்று சொன்னால் அடுத்த கேள்வி "இனிப்பு நீர் செக் பண்ணீங்களா?" என்பதுதான். தப்பான கேள்வி இல்லை, 2019 தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. கண் எரிந்தால் பழி ஏர்கோன் மேல் போகும். சரி, சர்க்கரை அளவு ஒழுங்காக இருக்கிறது, ஆனாலும் கண் உறுத்தல் மாதக்கணக்கில் விடவில்லை, கிரீம் கிராக்கரைத் தேத்தண்ணி இல்லாமல் விழுங்க முடியவில்லை, பல்லும் வரிசையாகச் சொத்தையாகிறது என்றால்? அப்போதுதான் ஷோகிரன் நோயை நினைக்க வேண்டும்.

ஹென்ரிக் ஷோகிரன் சுவீடன் நாட்டுக் கண் மருத்துவர். 1933-இல் இப்படி அவதிப்பட்ட 19 பெண்களைப் பற்றி எழுதினார். கிருமியை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்கள் கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள் புகுந்து அவற்றையே தாக்குகின்றன. நோயாளிகளில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் நடுத்தர வயது.

இதை ஒரே பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. உண்மையிலேயே வறட்சி இருக்கிறதா, அதற்குக் காரணம் நோய் எதிர்ப்புச் சக்திதானா என்று இரண்டையும் தனித்தனியாகக் காட்ட வேண்டும்.

முதலாவது சுலபம். கீழ் இமையில் ஒரு தாள் பட்டையை 5 நிமிடம் மாட்டி வைப்பார்கள், ஈரம் 5 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை என்றால் கண்ணீர் குறைவு. வாய்க்கு, எதையும் மெல்லாமல் ஒரு கிண்ணத்தில் எச்சிலைச் சேர்க்கச் சொல்வார்கள், நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர் அல்லது அதற்கும் கீழே என்றால் குறைவு. தும்மல், அரிப்புக்குப் போடும் மாத்திரைகளும் மனச்சோர்வு மருந்துகள் சிலவும் இரண்டையுமே காயவைக்கும் என்பதால், என்னென்ன மருந்து சாப்பிடுகிறோம் என்பதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவதுக்கு ரத்தத்தில் ஆன்டி-ரோ என்ற எதிரணுவை, அதாவது உடல் தன் அணுக்களுக்கு எதிராகவே உண்டாக்கும் ஒரு புரதத்தை, தேடுவார்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். இப்படிப்பட்ட எதிரணுக்களைப் பொதுவாகத் தேடும் ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றதும் ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போய்விடுகிறோம், ஆனால் அந்தப் பரிசோதனை ஆன்டி-ரோவைச் சில நேரம் தவறவிடும், அதனால் சந்தேகம் இருந்தால் அதைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும்.

ரத்தத்திலும் பதில் இல்லையென்றால் உதடு. கீழுதட்டின் உட்புறம் மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, குட்டிக் குட்டி உமிழ்நீர்ச் சுரப்பிகள் சிலவற்றை எடுப்பார்கள். கன்னத்துப் பெரிய சுரப்பியை விட்டுவிட்டு ஏன் உதட்டுக்குப் போகிறார்கள் என்றால், அந்தச் சுரப்பிக்குள்தான் முகத்தை அசைக்கும் நரம்பு ஓடுகிறது. எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, 50 வெள்ளணுக்களாவது கூடிய கும்பல் 4 சதுர மில்லிமீட்டருக்கு ஒன்றாவது இருக்கிறதா என்று எண்ணுவார்கள். சிலருக்கு உதட்டில் கொஞ்சம் மரத்த உணர்வு தங்கிவிடலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் கூட்டல். 2016-இல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் அமைப்புகள் சேர்ந்து வகுத்த முறையில் ஆன்டி-ரோவுக்கு 3 புள்ளி, உதட்டுத் திசுவுக்கு 3, தாள் பட்டை, எச்சில் அளவு, சாயம் விட்டுப் பார்க்கும் கண் சோதனை ஆகியவற்றுக்குத் தலா 1. மொத்தம் 4 வேண்டும். அதாவது ஆன்டி-ரோ இருந்து வறட்சிச் சோதனை ஒன்றும் ஒத்துவந்தால் உதட்டைக் கீற வேண்டிய தேவை பெரும்பாலும் வராது. ஆய்வுக்கு ஆள் சேர்க்க உருவான கணக்கு இது, நல்ல மருத்துவர் இதை மட்டும் வைத்து முடிவு செய்யமாட்டார். ஹெபடைடிஸ் சி, கழுத்துக்குக் கொடுத்த கதிர்வீச்சு போன்ற காரணங்களையும் முதலில் விலக்குவார்.

வாய்க்கும் கண்ணுக்கும் எதற்கு மூட்டு டாக்டர் என்று தோன்றும், ஆனால் அரசாங்க கிளினிக்கில் கடிதம் வாங்கிப் போகவேண்டியது வாதநோய் நிபுணரிடம்தான். குழந்தை பெறும் வயதுப் பெண்கள் தள்ளிப்போடவே கூடாது. ஆன்டி-ரோ நஞ்சுக்கொடி வழியாகக் கருவுக்குப் போகும், நூற்றில் ஒன்றிரண்டு குழந்தைகளுக்கு இதயத் துடிப்பு தடைபடும், அதனால் தாய்க்கு அது இருப்பது தெரிந்தால் கருவின் இதயத்தை ஸ்கேனில் கவனித்துக்கொண்டே வருவார்கள்.