நகராத புள்ளி

1941 டிசம்பர் 11. இங்கிலாந்தின் லிங்கன்ஷயர். கனடா விமானப்படையின் 412-ஆம் ஸ்குவாட்ரன் என்ற படைப்பிரிவைச் சேர்ந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள், பயிற்சி முடிந்து மேகத்தில் தெரிந்த ஓர் இடைவெளி வழியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றை ஓட்டியவர் ஜான் கில்லெஸ்பி மெகீ. வயது 19. ஷாங்காயில் பிறந்தவர், அப்பா அமெரிக்கர், அம்மா ஆங்கிலேயர். அமெரிக்கா இரண்டாம் உலகப் போரில் இறங்குவதற்கு முந்தைய ஆண்டே கனடாவுக்குப் போய்ப் படையில் சேர்ந்தவர். கீழே, கிரான்வெல் தளத்திலிருந்து கிளம்பிய ஆக்ஸ்ஃபோர்டு பயிற்சி விமானம் ஒன்று பறந்துகொண்டிருந்தது. ராக்ஸ்ஹோம் என்ற சிற்றூருக்கு மேலே, சுமார் 1,400 அடி உயரத்தில் இரண்டும் மோதின. இரு விமானிகளுமே இறந்துபோனார்கள்.

அவ்வளவு பெரிய வானத்தில் இரண்டு விமானங்கள் எப்படி மோதிக்கொள்ளும்? கவனக்குறைவு என்று சொல்லிவிடலாம். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் கண் வேலை செய்யும் விதத்திலேயே இதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

இரண்டு விமானங்கள் நேர்க்கோட்டில், மாறாத வேகத்தில் ஒரே புள்ளியை நோக்கி வருகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றது விமானியின் முன்னுள்ள கண்ணாடியில் ஒரே இடத்தில் நிற்கும். இடப்பக்கமும் போகாது, வலப்பக்கமும் போகாது. மோதாமல் கடந்து போகப்போகிற விமானம்தான் கண்ணாடியில் நகரும். நம் ஓரப்பார்வையோ அசைவதைத்தான் சட்டென்று பிடிக்கும். ஆக, ஆபத்தில்லாத விமானம் கண்ணில் படுகிறது. மோத வருவது கண்ணாடியில் ஒட்டிய தூசி மாதிரி சும்மா இருக்கிறது. அந்த இடத்தில் கண்ணாடியின் சட்டமோ இறக்கையோ குறுக்கே இருந்தால், கடைசி வரை அதன் பின்னாலேயே மறைந்திருக்கும்.

சரி, கிட்ட வர வர அது பெரிதாகத் தெரியாதா? தெரியும், ஆனால் தாமதமாக. ஆக்ஸ்ஃபோர்டின் இறக்கை அகலம் ஏறக்குறைய 16 மீட்டர். இரண்டும் நொடிக்கு 150 மீட்டர் வீதம் நெருங்குகின்றன என்று கொள்வோம். மோதலுக்கு 10 நொடி முன்பு இடையே 1,500 மீட்டர் இருக்கும். அப்போது இறக்கையின் இரு முனைகளுக்கு இடையே தெரியும் அகலம் முழுநிலவைவிடக் கொஞ்சம்தான் அதிகம். அதுவும் நிலவு மாதிரி ஒளிரும் வட்டமாக அல்ல, மெல்லிய கோடாக. தூரம் பாதியானால் உருவம் இரட்டிக்கும். மோதலுக்கு 5 நொடி முன்பு இரண்டு நிலவு அகலத்துக்குச் சற்று மேல். கடைசி நொடியில்தான் குபீரென்று கண்ணாடியை நிறைக்கும்.

இன்னொரு விமானத்தைப் பார்த்து, ஆபத்து என்று புரிந்து, முடிவெடுத்து, கையை அசைத்து, விமானமும் திரும்ப மொத்தம் 12.5 நொடி ஆகும் என்பது அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை தரும் கணக்கு. மேகத்திலிருந்து வெளியே வருகிறவருக்கு அந்த அவகாசம் கிடைப்பதே அரிது. அணியாகப் பறக்கும்போது முன்னால் போகிற விமானத்தின் மேலும் ஒரு கண் வைத்திருக்க வேண்டும்.

மெகீ விமானி இருக்கைக்கு மேலுள்ள மூடியைத் தள்ளித் திறக்கப் போராடியதையும், பிறகு எழுந்து குதித்ததையும் ஒரு விவசாயி பார்த்திருக்கிறார். 1,400 அடி என்பது சுமார் 427 மீட்டர். காற்றுத் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், அந்த உயரத்திலிருந்து நழுவும் கல் ஒன்பதேகால் நொடியில் தரையைத் தொடும். நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் ஏற்கெனவே கீழே பாய்ந்துகொண்டிருந்தால் ஐந்தரை நொடிதான். அதற்குள் மூடியைத் திறந்து, இருக்கை வாரை அவிழ்த்து, வெளியேறி, பாராசூட்டும் விரிய வேண்டும். அது விரிவதற்குள் தரை வந்துவிட்டது.

இன்றைய பயணிகள் விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி இருக்கிறது. அது அக்கம்பக்கத்து விமானங்களுக்கு ரேடியோ அலையில் கேள்வி அனுப்பி, பதில் வரும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கிறது. எத்தனை நொடியில் மோதும் என்று கணித்து, ஒருவரை ஏறு என்றும் மற்றவரை இறங்கு என்றும் சொல்கிறது. சின்ன விமானங்கள் பலவற்றில் இன்னும் கண்தான் காவல். அதனால் அவற்றை ஓட்டுபவர்கள் வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஓரிரு நொடி பார்வையை நிறுத்தித் தேடுகிறார்கள். கண்ணாடிச் சட்டத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தலையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறார்கள்.