ரிசல்ட்டுக்கும் முதல் மாத்திரைக்கும் நடுவே

எங்கள் காசநோய்ப் பிரிவுக்கு யார் புதிதாக வேலைக்கு வந்தாலும் நான் முதலில் எடுத்துக் கொடுப்பது ரிஜிஸ்டரைத்தான். அதில் மூன்று தேதிகளை மட்டும் பார்க்கச் சொல்வேன்: சளி கொடுத்த தேதி, ரிசல்ட் வந்த தேதி, மாத்திரை தொடங்கிய தேதி. முதல் இரண்டுக்கும் நடுவே இப்போது பெரிய இடைவெளி இருப்பதில்லை. சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் சிபிநாட் இயந்திரம் இரண்டு மணி நேரத்துக்குள் முடிவைக் கொடுத்துவிடுகிறது. கிருமி இருக்கிறதா, அது ரிஃபாம்பிசின் என்ற முக்கியமான காசநோய் மருந்துக்குக் கட்டுப்படுமா என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் இரண்டாவது தேதிக்கும் மூன்றாவது தேதிக்கும் நடுவே சிலருக்குப் பத்து நாள், இருபது நாள் ஓடியிருக்கும். சிலருக்கு மூன்றாவது கட்டம் காலியாகவே கிடக்கும்.

அப்படி ஓடிய நாட்களில் என்ன நடக்கிறது என்பதை ஒருவரை வைத்துச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன், நான் வேறொரு மருத்துவமனையில் இருந்தபோது நடந்தது. நாற்பது வயது இருக்கும், மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். இரண்டு மாத இருமல். செவ்வாய்க்கிழமை சளி கொடுத்தார். புதன் மதியம் ரிசல்ட் வந்துவிட்டது: காசநோய் உறுதி, ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. அவருக்கு யாரும் போன் செய்யவில்லை. வெள்ளிக்கிழமை அவராகவே வந்தார். "டாக்டர் லீவு, திங்கள்கிழமை வாங்க" என்றார்கள். திங்களன்று வந்தவரிடம், எச்.ஐ.வி., சுகர் இரண்டும் பார்த்துவிட்டு வரச் சொன்னார்கள். ரத்தம் எடுப்பது பதினோரு மணி வரைதான். அவர் போய்ச் சேரும்போது பதினொன்றரை. செவ்வாயன்று ரத்தம் கொடுத்தார். புதனன்று அந்த ரிசல்ட்டோடு வந்தபோது ஆதாரில் இருந்த முகவரி வேறு மாவட்டம். அங்கே போய் மாத்திரை வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார்கள். பஸ்ஸில் ஐந்து மணி நேரப் பயணம். அவருக்கு அப்போது மாடிப்படி ஏறக்கூட மூச்சு இல்லை. அறைக்குத் திரும்பிப் படுத்துவிட்டார்.

ஒன்பது நாள் கழித்து மனைவி ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்தார். எடை 34 கிலோ. ஆக்ஸிஜன் 86. கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அந்தக் குழி அப்படியே நின்றது. உடனே வார்டில் சேர்த்து, ஆக்ஸிஜன் வைத்து, அன்றைக்கே மாத்திரை தொடங்கினோம். நான்காவது நாள் இறந்துவிட்டார்.

அந்த அம்மா ஒரு துணிக்கடைப் பையில் எல்லாச் சீட்டையும் பத்திரமாக வைத்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்து என் மேசையில் வரிசையாக வைத்தார். "சொன்ன தேதிக்கெல்லாம் வந்தோம்மா" என்றார். உண்மைதான். ஒவ்வொரு சீட்டிலும் தேதி இருந்தது, கையெழுத்து இருந்தது, சீல் இருந்தது. இத்தனை நாளும் அவருக்கான மாத்திரை அதே கட்டடத்தில், பூட்டிய அலமாரியில் இருந்தது. அன்றிலிருந்துதான் ரிஜிஸ்டரில் அந்த மூன்று தேதிகளைப் பார்க்கும் பழக்கம் எனக்கு வந்தது.

அந்தச் சீட்டுகளில் இருந்த காரணங்களை இப்போது யோசித்தால், மருந்தை நிறுத்தி வைக்க அவற்றில் ஒன்றுகூடப் போதாது. எச்.ஐ.வி., சுகர் பரிசோதனை கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. காசநோயோடு அவையும் இருந்தால் கூடுதலாகச் சிகிச்சை தர வேண்டும். ஆனால் எச்.ஐ.வி. இருந்தாலும் முதலில் தொடங்குவது காசநோய் மாத்திரையைத்தான். அதனால் முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டே ரத்தம் எடுக்கலாம். டாக்டர் லீவு என்றால், பொறுப்பில் இருக்கும் இன்னொரு டாக்டர் எழுதலாம். வழக்கமான காசநோய்க்கு நான்கு மருந்துகள் ஒரே மாத்திரையில் சேர்ந்து வருகின்றன; எடையைப் பார்த்து எத்தனை மாத்திரை என்று முடிவு செய்தால் போதும். 35 முதல் 49 கிலோ வரை மூன்று மாத்திரை, 50 முதல் 64 கிலோ வரை நான்கு.

முகவரி விஷயம்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை. நோயாளி எங்கே இருக்கிறாரோ அங்கே மருந்தைத் தொடங்கிவிட்டு, அப்புறம் காசநோயாளிகளைப் பதிவு செய்யும் நிக்ஷய் என்ற அரசு இணையதளத்தில் அவர் ஊருக்கு மாற்றிக்கொள்ளலாம். இதில் சென்னைக்கு ஒரு தனி வரலாறே உண்டு. 1956-ல் இங்கே தொடங்கிய காசநோய் ஆராய்ச்சி மையம், சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் படுக்க வைத்துக் கொடுக்கும் சிகிச்சையையும், நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே எடுக்கும் சிகிச்சையையும் ஒப்பிட்டுப் பார்த்தது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள் என்று 1959-ல் முடிவு வெளியானது. நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு எல்லாம் சானடோரியத்தில்தான் கூடுதல்; ஆனாலும் நோயைக் குணப்படுத்தியது மாத்திரைதான் என்று உலகத்துக்குக் காட்டிய ஊர் இது. அதே தமிழ்நாட்டில் ஆதார் முகவரிக்காக ஒருவர் மருந்து இல்லாமல் திரும்பிப் போனார்.

சில நாள் தாமதமானால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே நடக்கிறது. அதாவது, மருந்து வேலை செய்யாமல் போவதைவிட, மருந்து போய்ச் சேரும்போது உடம்பு தாங்க முடியாத நிலைக்குப் போயிருப்பதுதான் பிரச்சினை. இதைப் புரிந்துகொண்டுதான் தமிழ்நாட்டில் 2022-ல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. அதில் ஆய்வகமே தேவைப்படாத சில கேள்விகள்தான். உயரத்துக்கு ஏற்ற எடை மிகக் குறைவாக இருக்கிறதா, காலில் வீக்கம் இருக்கிறதா, நிமிடத்துக்கு 24 தடவைக்கு மேல் மூச்சு வாங்குகிறதா, ஆக்ஸிஜன் 94-க்குக் கீழே இருக்கிறதா, யார் உதவியும் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஒரு எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் இருந்தால் ஐந்து நிமிட வேலை. இதில் மோசமாக இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் அன்றே வார்டில் சேர்க்க வேண்டும். அந்த மூட்டை தூக்குகிறவரை முதல் வெள்ளிக்கிழமையே யாராவது இப்படிப் பார்த்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் அந்த நாட்கள் முக்கியம். சரியான மருந்து உள்ளே போனதும் தொற்றுப் பரவல் வேகமாகக் குறையத் தொடங்கும். அதுவரை ஒரே அறையில் படுக்கும் குழந்தைகள் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி வாசலுக்கு வருவதற்கு முன்பே போகும் நாட்களும் உண்டு. இரண்டு வார இருமலுக்கு மெடிக்கலில் சிரப், அப்புறம் லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை. அந்த மருந்து காசநோய்க் கிருமியையும் கொஞ்சம் அடக்கும். நோயாளிக்குத் தேவலை போல இருக்கும், சோதனை தள்ளிப்போகும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் சளியைக் கொடுங்கள்.

காத்திருக்க வேண்டிய சூழ்நிலைகளும் இருக்கின்றன, இல்லை என்று சொல்லவில்லை. மஞ்சள் காமாலை இருந்தால் மருந்தை மாற்றி யோசிக்க வேண்டும். ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இருந்தால் பெடாகுயிலின் என்ற வேறு மருந்து சேர்ந்த சிகிச்சை தேவைப்படும். அதற்கு முன் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ரத்தத்தில் உப்புகளின் அளவைப் பார்க்க வேண்டும். அவற்றையும் மனம் வைத்தால் ஓரிரு நாளில் முடித்துவிடலாம். 2024 தொடக்கத்தில் நாட்டின் பல இடங்களில் காசநோய் மருந்துகளுக்கே தட்டுப்பாடு வந்தது. அது எங்கள் கையில் இல்லாத தாமதம். நான் கோபப்படுவது எங்கள் கையில் இருக்கும் தாமதத்தைப் பற்றி.

இப்போது நான் இருக்கும் பிரிவில் செய்வது பெரிய விஷயம் எதுவும் இல்லை. ரிசல்ட்டை டிரேயில் போட்டுவிட்டுப் போகக் கூடாது, ஒரு ஆள் கையில் கொடுக்க வேண்டும் என்று லேப் டெக்னீஷியனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். சளி டப்பா கொடுக்கும்போதே இரண்டு போன் நம்பர் வாங்குகிறோம், ஒன்று பக்கத்து வீட்டுக்காரருடையதாக இருந்தாலும் சரி. உறுதியான அன்றே போன். வந்தவுடன் எடை பார்த்து, முதல் வேளை மாத்திரையை எங்கள் எதிரிலேயே விழுங்கச் சொல்கிறோம். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள் என்பதையும் அப்போதே சொல்கிறோம். பாஸ்புக், ஊட்டச்சத்துக்கான மாதம் 1,000 ரூபாய், மற்ற பேப்பர்கள் எல்லாம் அதற்குப் பிறகு.

நோயாளியோ வீட்டாரோ இதைப் படித்தால், ரிசல்ட்டைக் கையில் வாங்கும்போது ஒன்றைக் கேளுங்கள்: "இன்னைக்கே மாத்திரை தருவீங்களா?" இல்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் 1800-11-6666 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எங்களில் யாரும் அதற்காக முகம் சுளிக்கக் கூடாது.

அந்த அம்மாவைக் கணவர் இறந்த சில வாரங்களில் பிள்ளைகளோடு பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தேன். பிள்ளைகளுக்கு நோய் இல்லை. தடுப்பு மருந்து தொடங்கினோம். அந்த அம்மாவின் சளியில் கிருமி இருந்தது. சாயங்காலம் நாலு மணிக்கு ரிசல்ட் வந்தது. எடை 41 கிலோ. மூன்று மாத்திரையையும் ஒரு டம்ளர் தண்ணீரையும் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு வேற எங்கயும் போக வேணாமாம்மா?" என்று கேட்டார்.