டெம்பரமென்ட்: பிறவிக்குணமா, உடல்வாகா?

ஹோமியோபதி மருத்துவர்கள் நோயைக் கேட்பதோடு விடமாட்டார்கள். வெயில் ஒத்துக்கொள்ளுமா, குளிரா? அழுகை வந்தால் பக்கத்தில் ஆள் வேண்டுமா, தனியே விட்டால் போதுமா? தூக்கத்தில் தலை வியர்க்கிறதா? இப்படி அடுக்கிக்கொண்டே போய், ‘இவர் பல்சட்டில்லா’, ‘அவர் நக்ஸ் வாமிகா’ என்று ஆளுக்கே மருந்தின் பெயரை வைத்துவிடுவதும் உண்டு. இந்த வகைப்பாட்டுக்குக் கான்ஸ்டிடியூஷனல் டைப் என்று பெயர். இதை உளவியலின் டெம்பரமென்டோடும், பழைய கிரேக்க நாற்குணங்களோடும், நம் வாத பித்த ஐயத்தோடும் ஒரே முடிச்சில் கட்டி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். டெம்பரமென்ட், கான்ஸ்டிடியூஷன் என்ற இந்தச் சொற்களைத் தமிழில் எப்படி எழுதுவது? அதற்கு முன் அவை வந்த வழியைப் பார்த்துவிடுவோம்.

டெம்பரமென்ட் என்ற சொல்லுக்கு மூலம் லத்தீன். அளவோடு கலப்பது என்பதுதான் பழைய பொருள். அதற்கு முன்னோடியான கிரேக்கச் சொல் கிராசிஸ். அதற்கும் கலவை என்றே பொருள். யுனானி மருத்துவர்கள் இன்றும் புழங்கும் மிஸாஜ் என்ற அரபுச் சொல்லும் கலவைதான். தொல்காப்பிய மரபியல் ஐம்பூதங்களைச் சொல்லி ‘கலந்த மயக்கம் உலகம்’ என்கிறதே, அந்த மயக்கமும் கலவையே. ஆக, ஒருவருடைய குணம் என்பது அவருக்குள் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இதுதான் மூல எண்ணம்.

பழைய கிரேக்க மருத்துவர் ஹிப்போகிரட்டீஸின் மரபு குருதி, கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று நான்கு நீர்களை எண்ணியது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் வெப்பம், குளிர்ச்சி, ஈரம், வறட்சி ஆகியவற்றைக் கொண்டு ஒன்பது கலவைகளை வகுத்தார். அவற்றில் சமநிலையில் இருப்பது ஒன்றே ஒன்று. மற்ற எட்டும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவை. குருதி மிகுந்தவர் கலகலப்பானவர், மஞ்சள் பித்தம் மிகுந்தவர் சட்டென்று கோபப்படுபவர், கரும்பித்தம் மிகுந்தவர் மனவாட்டக்காரர், கோழை மிகுந்தவர் அசைந்து கொடுக்காத நிதானி என்ற நான்கு ஆள்வகைகள் பிற்காலத்தில் நிலைத்தன. மெலங்கோலி என்ற சொல்லைப் பிரித்தால் கரும்பித்தம் என்றே வரும்.

‘மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று’ என்ற குறளிலும் இதே அளவுக் கணக்குதான். ஆனால் கவனியுங்கள்: நம் மூன்றில் முதலில் நிற்பது வளி, கிரேக்க நான்கில் காற்றே இல்லை. அங்கே குருதி தனி நீர், பித்தம் இரண்டு. எனவே வாத உடம்புக்காரரும் கரும்பித்த மனவாட்டக்காரரும் ஒன்று என்று கட்டம் போட்டுக் காட்டும் அட்டவணைகளை நான் ஏற்கமாட்டேன். எண்ணத்தில் உறவு உண்டு. ஒன்றுக்கு ஒன்று பொருத்தம் கிடையாது.

சரி, ஹோமியோபதி இதில் எங்கே வருகிறது? அதைத் தொடங்கிய ஜெர்மானியர் ஹானிமன், நீர்களைச் சமப்படுத்துகிறோம் என்று குருதி வடித்ததையும் பேதி கொடுத்ததையும் கடுமையாக எதிர்த்தவர். அதனால் அவருடைய மருத்துவத்தைக் கேலனின் நேர் வாரிசு என்று சொல்ல முடியாது. ஆனால் 1810இல் முதலில் வெளிவந்த தம் ஆர்கனான் நூலில், நாள்பட்ட நோயில் நோயாளியின் உடல்வாகையும் குணத்தையும் பார்த்தாக வேண்டும் என்று சொன்னார். மென்மையும் மந்தமும் கொண்டவருக்கு நக்ஸ் வாமிகா பயன்படாது, மகிழ்ச்சியும் பிடிவாதமும் உள்ளவருக்குப் பல்சட்டில்லா பயன்படாது என்ற குறிப்பும் அதில் உண்டு. மந்தம் என்பதற்கு அவர் எழுதிய சொல்லோ பிளெக்மாட்டிக், அதாவது கோழை மிகுந்தவர்! கொள்கையை உதறினாலும் சொல் ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது. நக்ஸ் வாமிகா வேறொன்றுமில்லை, நம் ஊர் எட்டிக்கொட்டைதான். மருந்தை ஆளின் வகையாகவே பேசும் வழக்கம் ஹானிமனுக்குப் பின் வந்தவர்களிடம்தான் பெருகியது.

உளவியலும் பழைய நால்வரைக் கைவிடவில்லை, நீர்களை மட்டும் கைவிட்டது. உணர்ச்சி எவ்வளவு வலுவானது, எவ்வளவு விரைவாக மாறுகிறது என்ற இரண்டு கோடுகளில் உளவியலாளர் வுண்ட் அந்த நால்வரையும் அடுக்கினார். இருபதாம் நூற்றாண்டில் உளவியலாளர் ஐசென்க், புறமுகம்–அகமுகம், உணர்ச்சியின் நிலைப்பு–நிலையாமை என்ற கோடுகளில் வைத்தார். நியூயார்க்கில் 1956இல் தாமஸ், செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதியர் தொடங்கிய ஆய்வு கைக்குழந்தைகளையே பின்தொடர்ந்து, ஒன்பது கூறுகளில் டெம்பரமென்டை அளந்தது. இவை கவனித்தும் அளந்தும் சொல்லப்பட்டவை. ஹோமியோபதியின் குணச்சித்திரம் ஒருவருக்கு அப்படியே பொருந்தலாம். அதனால் மருந்து வேலை செய்யும் என்று ஆகிவிடாது. எந்த நோய்க்கும் ஹோமியோபதி பலன் தருவதாக நம்பத்தக்க சான்று இல்லை என்று ஆஸ்திரேலியாவின் தேசிய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2015இல் முடிவு சொன்னது.

இனி தமிழ்ச் சொல். டெம்பரமென்டுக்கு ஆளுமை என்று எழுதுவது தவறு. அது பெர்சனாலிட்டிக்கு உரியது, வளர்ப்பும் அனுபவமும் சேர்ந்து உருவாவது. மனப்பான்மை என்பதும் பொருந்தாது, அது மாறக்கூடியது. கைக்குழந்தையிடமே தெரியும் ஒன்றுக்குப் பிறவிக்குணம் என்பதே நேர்ச்சொல். சுபாவம் பேச்சில் நன்றாகப் புழங்குகிறது, ஆனால் வடசொல். தமிழில் வேண்டுமென்றால் இயல்பு. கான்ஸ்டிடியூஷனுக்கு உடல்வாகு. ‘அவனுக்குச் சூட்டு உடம்பு’, ‘இவளுக்குப் பித்த உடம்பு’ என்று வீட்டில் பேசுவதும் இதைத்தான். சித்த மருத்துவத்தில் தேகி என்பார்கள். ஹோமியோபதியில் உடலும் மனமும் சேர்ந்தே பேசப்படுவதால், கான்ஸ்டிடியூஷனல் டைப்பை வெறுமனே ‘வாகு வகை’ என்று எழுதலாம் என்பது என் கருத்து. ‘அவர் வாகுக்கு விட்டுவிடு’ என்னும்போது உடம்பும் போக்கும் இரண்டுமே அதில் அடங்கிவிடுகின்றன. அந்த வகைக்கு ஏற்ப அவர்கள் தேர்ந்தெடுக்கும் மருந்து, வாகு மருந்து.